ஒற்றைத் திருகாணி

அந்த டிரம்மைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. செர்ரிப் பழச் சிவப்பு, ஒரு கீறல் கிடையாது, முகம் பார்க்கும்படி மின்னும் வளையம். ஆனால் சுற்றிலும் எட்டுத் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது.

"எங்கய்யா ஸ்க்ரூ எல்லாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஹெட்டி." வில்ஃப் அதைத் திருப்பிக் காட்டினான். பக்கவாட்டில் ஒரே ஒரு திருகாணி. அதன் தலையைச் சுற்றிக் கடிகாரம் மாதிரி ஒரு தகடு, அதில் எண்கள். "இதத் திருகினா மேல் வளையம் கீழ் வளையம் ரெண்டும் ஒண்ணா இறுகும், ஜாம் பாட்டில் மூடியாட்டம். ஏழுல வச்சா நம்ம சத்தம். அவ்வளவுதான் சோலி."

"ஜாம் பாட்டில வச்சு வால்ஸ் டான்ஸுக்கு வாசிக்கப் போறியாக்கும்?"

"வாசிக்கிறேன், பாரு."

"லண்டன்காரன் எதையாவது பளபளன்னு பண்ணிவச்சா அத வாங்க ஒரு தறி மேஸ்திரி வேணும்" என்றேன். எங்கள் ஆல்டர்டனில் தறி மேஸ்திரிகளின் புத்தியைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் பொழுது போவதில்லை. அவர்களும் அதை எதிர்பார்ப்பார்கள். வில்ஃப் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

வில்ஃப் ஹாவர்த்தும் நானும் ஒரே நெசவாலையில் வேலை. நான் நெய்கிறவள், அவன் என் வரிசைத் தறிகளைப் பழுது பார்க்கிற மேஸ்திரி. சனிக்கிழமையும் ஞாயிறும் தொழிலாளர் கிளப்பில் நான் ஆர்கன், அவன் டிரம். மான்செஸ்டரிலிருந்தும் போல்டனிலிருந்தும் வருகிற பாடகர்கள் மேடையேறுவதற்கு முன்னால்தான் இசைத்தாளை எங்கள் கையில் திணிப்பார்கள். நாங்கள் பக்கவாத்தியம் வாசித்து அவர்கள் மானத்தைக் காப்பாற்றுவோம். இடையில் பிங்கோ ஆட்டம், சூடாகக் கறி அடைத்த 'பை' பண்டமும் பட்டாணியும். இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்கும் தாளத்தில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவன் பழைய டிரம்மைக் கடையில் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்திருந்தான். அது எட்டுத் திருகாணி வைத்த நல்ல வாத்தியம். என் அண்ணன் ராணுவ பேண்டில் டிரம் அடித்தவன், அவன் முறுக்குவதைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு விஷயம் தெரியும். ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் குச்சியால் தட்டிக் கேட்க வேண்டும். எந்த இடம் சோர்ந்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் ஒரு சிட்டிகை ஏற்றலாம். நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனால் தோல் முழுக்க ஒரே குரலில் பேசும். ஒற்றைத் திருகாணியில் அதெல்லாம் நடக்காது. ஏறினால் மொத்தமாக ஏறும், இறங்கினால் மொத்தமாக இறங்கும். தோல் ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்துவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் கோணல் கோணல்தான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "ஏழுல வச்சா சரியா வரும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மனைவியைப் பறிகொடுத்தவனிடம் ரொம்பவும் மல்லுக்கு நிற்க முடியவில்லை. எட்னா ஈஸ்டருக்கு முன்னால்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். எந்தக் கச்சேரிக்கும் தவறாதவள். மேடையை ஒட்டிய முதல் மேஜையில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கச்சேரி தொடங்குமுன் அவள் உதடு அசையும், வில்ஃப் தலையாட்டுவான். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

ஏன் பார்க்கமாட்டேன் என்றால், பார்த்தால் புரிந்துவிடும். தறிக்கூடத்தில் நாங்கள் யாரும் குரலால் பேசுவதில்லை. அத்தனை தறி ஓடும் இடத்தில் கத்தினால் தொண்டைதான் கெடும். உதட்டை நன்றாக விரித்துக் குவித்துச் சத்தமில்லாமல் பேசுவோம், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் எல்லோருக்கும் கைவந்துவிடும். பிறகு அது ஆலையோடு நிற்பதில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவளோடும், சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவிலும், பஸ் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியிலும் அதே பேச்சுத்தான். ஆகவே எங்கள் ஊரில் ரகசியம் என்றால் குரலைத் தாழ்த்துவது கிடையாது. ஒன்று முதுகைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வாயைக் கையால் மூட வேண்டும். ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே வாயை மூடினால் பேச்சு உங்களைப் பற்றித்தான். அதே போலப் புருஷன் பெண்டாட்டி பேச்சைப் படிப்பது இங்கிதமில்லை. அதனால்தான் நான் எட்னாவின் உதட்டைப் பார்த்ததில்லை.

மேடையில் வில்ஃபும் நானும்கூட அப்படித்தான் பேசிக்கொள்வோம். 'அடுத்தது வால்ஸ்', 'மெதுவா', 'இவ முடிக்கவே மாட்டா போல'. ஆர்கன் சத்தத்தில் வேறு எப்படிப் பேசுவது?

புது டிரம் வந்த சில வாரத்திலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. நடுவில் அடித்தால் கணீரென்று இருக்கும். குச்சி இடது ஓரத்துக்குப் போனால் ஈரத் துணியைத் தட்டுவது போல ஒரு செத்த சத்தம். பாடகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி போகும்போது, "ஒங்க டிரம்மருக்கு பிஸ்கட் டப்பா ஒண்ணு நல்லதா வாங்கிக் குடுங்க" என்று கச்சேரிச் செயலாளர் கிளாரன்ஸ் ஹிண்டிலிடம் சொல்லிவிட்டுப் போனாள். கிளாரன்ஸ் நல்ல மனிதர், ஆனால் கமிட்டி ஆள். "ஹெட்டி, வேக்ஸ் சனிக்கிழமை பாட டீனா மார்லோ வர்றா. ஹால் நெரம்பி வழியும். அதுக்குள்ள அவன சரி பண்ணு. இல்லன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லுவாங்க" என்றார்.

வேக்ஸ் என்றால் எங்கள் ஊர் ஆலைகள் எல்லாம் ஒன்றாக மூடிக்கொண்டு, ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும் வாரம். அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி கிளப்பில் நிற்க இடமிருக்காது. அன்று மதியமே வில்ஃபை ஹாலுக்கு வரச்சொன்னேன். அந்த வருடம் வெயில் என்றால் வெயில், புல்லெல்லாம் வைக்கோலாகிக் கிடந்தது. அந்த வெயிலிலும் நான் முகத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தேன். கடைவாய்ப் பல் ஈறு வீங்கி, கிராம்புத் தைலப் பஞ்சை அதக்கிக்கொண்டிருந்தேன்.

"யோவ், இடது பக்கம் தட்டிப் பாரு. செத்துக் கெடக்கு" என்றேன்.

"ஆமா, தாங்கல. ஜன்னலத் தொறந்து வைக்கச் சொல்லணும்" என்றான்.

"வெக்கைய யாரு சொன்னா? தோலச் சொல்றேன்."

"கிராம்புத் தைலம் போட்டியா?"

கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் குச்சியைப் பிடுங்கி வளையத்தின் ஓரமாகச் சுற்றித் தட்டினேன். டங், டங், டங், இடது பக்கம் வந்ததும் டப். தெருவில் போகிற பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் அவன் டிரம்மைப் பார்க்கவே இல்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சையில் பக்கத்து ஆளின் தாளைப் பார்க்கிறவன் பார்வை.

"எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு" என்றான்.

மஃப்ளரைக் கீழே இழுத்து, சத்தமே இல்லாமல் உதட்டால் மட்டும் கேட்டேன். "மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"நேத்து வச்ச கிழங்குப் பை. ஏன்?"

மஃப்ளரை மேலே ஏற்றிக்கொண்டு, பல்வலியோடு தொண்டை கிழியக் கத்தினேன். "ராத்திரிக்கு என்ன சாப்புடப் போற?"

"ஆமாமா" என்று தலையாட்டிச் சிரித்தான். உடனே அவனுக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பேரும் மேடை விளிம்பில் உட்கார்ந்தோம். நான் மஃப்ளரை அவிழ்த்துக் கீழே போட்டேன்.

"எப்பலேருந்து?"

"கொஞ்சங் கொஞ்சமா. தறிச் சத்தம் வர வரக் கொறஞ்சுது. நான் எண்ணெய் போட்டு முடுக்குனதுல அமைதியா ஓடுதுன்னு பெருமப்பட்டுக்கிட்டேன். மொதலாளிகிட்டகூடச் சொன்னேன்."

வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். தறி மேஸ்திரிகளைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் இதற்கு ஈடே கிடையாது. இவ்வளவு நாளும் நாங்கள் எவருமே கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்போம்? உதட்டைப் படிக்கிற ஊரில் செவிடன் எவன், கேட்கிறவன் எவன்?

"அப்ப தாளம் எப்படிய்யா தப்பாம வருது?"

"நீ காலால மிதிக்கிற ஆர்கன் பெடலோட அதிர்வு பலக வழியா என் ஸ்டூலுக்கு வருது. குதிகால்ல தெரியும். தோள வேற ஆட்டுவ இல்ல." பிறகு கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முறுக்குறதுதான் முடியாது. அது எட்னா வேல. நான் ஒவ்வொண்ணாத் தட்டுவேன். 'மூணு, இன்னுங் கொஞ்சம். ஆறு, போதும்'னு அங்கேருந்து சொல்லுவா. அவ முதுகுதான ஹாலுக்குத் தெரியும், ஒரு பயலுக்கும் தெரியாது. இப்ப எட்டையும் யாரு கேப்பா? அதான் ஒண்ணு போதும்னு வாங்கினேன். எண்ணப் பாத்து வச்சுக்கலாமில்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்து நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்ட என்னை நினைத்தால் கோபமும் வந்தது.

"யார்ட்டயும் சொல்லிடாத, ஹெட்டி."

"சொன்னா என்ன கொறஞ்சிடும்? நம்ம தறிக்கூடத்துல பாதிப் பேருக்குக் காது மந்தந்தான்."

"தறிக்குப் பக்கத்துல செவிடா இருந்தா அது தொழில். டிரம்முக்குப் பின்னால செவிடா ஒக்காந்தா அது வேடிக்க. 'பாவம் வில்ஃப்'னு ஆரம்பிப்பாங்க. எட்னா போனப்ப அத நெறையக் கேட்டாச்சு, சாமி. இனி முடியாது. வீட்டுக்குப் போனா வெறும் சுவருதான். ஆளா இருக்குறது இந்த ஸ்டூல்ல மட்டுந்தான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். விடுமுறை முடிந்ததும் எட்டுத் திருகாணி டிரம் ஒன்று பார்ப்பது, கச்சேரிக்கு முன் யாரும் வராத நேரத்தில் நான் கேட்டுச் சொல்ல அவன் முறுக்குவது என்று பேசி முடித்தோம். இன்றைக்கு இதை ஒப்பேற்றியாக வேண்டும். வளையத்தைக் கழற்றித் தோலை நகர்த்தி உட்கார வைத்தோம். ஊஹூம். கடைசியில் இடது பக்கம் வளையத்துக்கு அடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினேன். அதன் மேல் வளையம் உட்கார ஏழு போதவில்லை. ஒன்பது வரை முறுக்கினான். திருகாணி முனகுவது எனக்குக் கேட்டது. ஆனால் டங் என்று சுற்றிலும் ஒரே சத்தம் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கட்டை விரலைக் காட்டினேன்.

அன்று இரவு ஹாலில் மூச்சுவிட இடமில்லை. டீனா மார்லோ பச்சை ஜிகினா உடுப்பில் வந்தாள், நல்ல குரல். முதல் இரண்டு பாட்டும் குதூகலமான பாட்டு. வில்ஃப் குச்சியால் பொரிந்து தள்ளினான். கிளாரன்ஸ் ஓரத்தில் நின்று எனக்குத் தலையாட்டினார்.

மூன்றாவது, மீன் பிடிக்கப் போய்த் திரும்பாத கணவனைப் பற்றிய பாட்டு. இந்த மாதிரிப் பாட்டுக்குக் குச்சி கிடையாது, கம்பி பிரஷ்ஷால் தோலை மெல்லத் தடவ வேண்டும். வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். எட்னாவை நினைத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சரணத்தில், பாட்டில் வரும் மனைவி கடற்கரைக்கு வந்து நிற்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திருகாணியின் மரை அறுந்துவிட்டது.

எட்டில் ஒன்று அறுந்தால் மிச்சம் ஏழு தாங்கியிருக்கும். இதில் மிச்சம் ஏது? மேல் தோலும் கீழ்த் தோலும் சேர்ந்து தொளதொளத்துப் போயின. கீழ்த் தோலுக்கு அடியில் ஓடும் கம்பிச் சுருள்கள் பிடிமானம் இல்லாமல் தொங்கின. நான் கனத்த ஒலி தரும் பெடல் ஒன்றை மிதிக்கும்போதெல்லாம் அவை அதிர்ந்து 'பர்ர்ர்' என்றன. எந்தச் சத்தம் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின் மேஜையில் ஒருத்தன், "மன்னிச்சுக்குங்க, பட்டாணி தின்னேன்" என்றான். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

குச்சியாக இருந்தால் கை துள்ளாததிலேயே வில்ஃபுக்குத் தெரிந்திருக்கும். பிரஷ்ஷில் ஒன்றும் தெரியாது. அவன் பாட்டுக்குக் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருந்தான், அணுவளவும் தாளம் பிசகாமல். ஹால் அழ வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. பெடலை விட்டால் அந்தப் பாழும் சத்தம் நிற்குமே என்று காலை எடுத்துவிட்டேன்.

சத்தம் நின்றது. கூடவே வில்ஃபின் பலகையும் செத்துவிட்டது. குதிகாலுக்குத் தாளம் வராமல் போகவும் அவன் கண்ணைத் திறந்தான். எதிரில் சிரிக்கிற முகங்கள். சோகப் பாட்டுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவனும் லேசாகச் சிரித்தான். என் பக்கம் திரும்பி, உதட்டால் 'என்ன?' என்று கேட்டான்.

ஹாலே என் வாயைப் பார்த்தது. முன் மேஜையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லோரும் நெசவாலைக்காரர்கள். நான் உதட்டை அசைத்தால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரிதான். குரலால் சொன்னால் அவனைத் தவிர எல்லோருக்கும் கேட்கும். அடுத்தது குச்சியை எடுத்து டிரம்மை உருட்டித் தொடங்க வேண்டிய பாட்டு, அதில் அடித்தால் இன்னும் கேவலம்.

ஆர்கனை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். டீனா பாடுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். நேராகப் போய் வில்ஃபுக்கும் ஹாலுக்கும் நடுவில், ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்று, உதட்டால் மட்டும் சொன்னேன்.

"ஸ்க்ரூ அறுந்து போச்சு, கெழவா. மொத்தமும் தொங்குது. குச்சியத் தொடாத."

அவன் உள்ளங்கையைத் தோல் மேல் வைத்தான். அது தலையணை மாதிரி அமுங்கியது.

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது சரணம்."

"எல்லாருக்கும் கேட்டுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். உதட்டை அத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "கேட்டுது" என்றேன்.

அதற்குள் கிளாரன்ஸ் மேடையின் பின்பக்க மைக்கைப் பிடித்துவிட்டார். "வில்ஃப்! யோவ் வில்ஃப்! டிரம்மு பிஞ்சு தொங்குது, ஒனக்குக் கேக்கலயா?" ஒலிபெருக்கி அலறியது. வில்ஃப் என் உதட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். "வில்ஃப் ஹாவர்த்! ஒன்னத்தான்யா!" அவன் இமைகூட ஆடவில்லை. தன் பெயர் ஹால் முழுக்க எதிரொலிக்க, முதுகுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. அதைவிட அந்தச் சிரிப்பே இருந்திருக்கலாம்.

நான் எவ்வளவுதான் மறைக்க முடியும்? நானென்ன பீரோவா? அவன் என் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்த்தான். அவன் முகம் மாறியதைக் கண்டு நானும் திரும்பினேன். வரிசை வரிசையாக எல்லோரும் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். அவன் படித்து மனம் நோகக்கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

வில்ஃப் பிரஷ்களை மடக்கிப் பையில் வைத்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கக் கதவு வழியாகப் போனான்.

வேக்ஸ் வாரம் முடிந்து ஊர் திரும்பியபோது விஷயம் பிளாக்பூல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. கமிட்டி கூடியது. ஒருவர்கூட மறுத்துப் பேசாமல் வில்ஃபே தொடர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தொப்பியைச் சுற்றிவிட்டுக் காசு சேர்த்து, எட்டுத் திருகாணி வைத்த புது டிரம்மே வாங்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கிளாரன்ஸ் குச்சியால் ஒவ்வொரு திருகாணியாகத் தட்டி முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் வில்ஃபின் முகத்துக்கு நேரே குனிந்து, "ந...ல்...லா... இ...ருக்...கா?" என்று வாயை அகலத் திறந்து கேட்டார். வில்ஃப் எட்டு முறையும் தலையாட்டினான். ஹாலே எழுந்து, அவனுக்குத் தெரியட்டும் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டியது.

எங்கள் உதட்டுப் பேச்சு சரசரவென்று ஓடும். பாதி வாக்கியத்தைப் புருவமே முடித்துவிடும். அவனோடும் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது பீர் ஊற்றுகிறவள் அவனுக்கு மட்டும் எழுத்துக்கூட்டினாள். ஆலையில் அவன் வந்தால் பெண்கள் தோளைத் தொட்டு நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்கள். மேஸ்திரிகளைப் பற்றிய கேலிக் கதைகள் அவன் எதிரில் நின்றுபோயின. முதலாளியிடம் அவன் பெருமையடித்த அந்தத் தறிச் சத்தக் கதையைக்கூட ஒருவரும் சொல்லிச் சிரிக்கவில்லை. அவன் வாசிப்பில் ஒரு குறையும் கிடையாது. புது டிரம் மணி மாதிரிப் பேசியது. அவன் முகத்தில்தான் களை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி முடிந்து ஹால் காலியானதும், அவன் பிரஷ்களையும் குச்சிகளையும் துடைத்துப் பையில் போட்டான். ஸ்டூலையும் மடக்கினான். ஸ்டூலை அவன் ஒரு நாளும் மடக்கியதில்லை.

"என்னய்யா பண்ற?"

"போதும் ஹெட்டி. கிளாரன்ஸ்கிட்ட நீயே சொல்லிடு. டிரம் அவங்களுது, இங்கேயே இருக்கட்டும்."

"பைத்தியமா நீ? யாராவது ஒன்னப் போகச் சொன்னாங்களா?"

"சொல்லல. சொல்லியிருந்தா சண்ட போட்டுட்டு இருந்திருப்பேன்."

இவன் போய்விட்டால் அந்த மேடையில் நான் யாரைப் பார்த்து வாயசைப்பேன்? அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னால் நிற்பான் என்று யோசித்து யோசித்து, அவனுக்கு நன்றாகப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "போகாத, வில்ஃப். நீ... எங்களுக்கு... வேணும்."

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"பாத்தியா" என்றான். "நீயும் ஆரம்பிச்சிட்ட."

பையையும் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். காலி மேஜைகளுக்கு நடுவே நடந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடை விளிம்புக்கு ஓடினேன். எங்கிருந்துதான் வந்ததோ, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "போய்யா செவிட்டு மூதேவி! காது போனது தெரியாம எண்ணெய் போட்டதுல தறி அமைதியா ஓடுதுன்னு பீத்துன மேஸ்திரிக்கு ரோஷத்தப் பாரு ரோஷத்த! ஆயுசு பூரா என் வால்ஸப் பின்னால இழுத்தவனே, ஸ்டூல வச்சுட்டுப் போடா!" அவ்வளவு வேகமாக நான் எவளோடும் பேசியதில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

என் குரல் காலி ஹாலில் மோதித் திரும்பி வந்தது. அவன் ஒரே ஒரு முறை திரும்பியிருந்தால் படித்திருப்பான். கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டான்.